அடியில போறதக் கேளு

கோவில்பட்டியில் எங்கள் சித்தப்பா கேசட் பதிவு செய்து கொடுக்கும் கடை வைத்திருந்தார். மளிகைக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில், ஆள் பக்கவாட்டில் நுழைகிற அளவுக்கு ஓர் இடம். சுவர் முழுக்க இசைத்தட்டு அட்டைகள். வருகிறவர்கள் பாட்டுப் பட்டியலைத் தாளில் எழுதிக்கொண்டு வருவார்கள். 'சிக்ஸ்டியா, நைன்டியா?' என்று கேசட்டின் நிமிடக் கணக்கைக் கேட்டு வாங்கி வைப்பார். பள்ளிக்கூடம் விட்டால் நான் அங்கேதான் கிடப்பேன். கேசட் அட்டையில் பாட்டுப் பெயர்களை எழுதுவது என் வேலை. சம்பளம் கிடையாது என்பதால் கிடைத்த வேலை அது.

கடை மூலையில் ஒரு மண்பானை இருந்தது. அதன் வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைத்திருந்தார். டீக்கடை, சலூன் என்று அப்போது எங்கும் இந்தக் கைவைத்தியம் உண்டு. பானைக்குள் இறங்கி வரும் சத்தத்துக்குக் கனம் கூடிவிடும். மற்றவர்கள் கடை அதிரட்டும் என்று பானை வைத்தார்கள். சித்தப்பா வைத்தது பேஸ் கிட்டாருக்காக. "ஏல, பாடுறவர விட்டுரு. அடியில போறதக் கேளு" என்பார். எனக்கு வெகுநாள் ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு சாயங்காலம் பிடிபட்டது. மேலே எஸ்.பி.பி. பாடிக்கொண்டிருக்க, கீழே ஒருவர் தன் பாட்டுக்கு இன்னொரு பாட்டை நடத்திக்கொண்டு போகிறார். இருவரும் எந்த இடத்திலும் இடித்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து எந்தச் சினிமாப் பாட்டும் எனக்கு ஒற்றைப் பாட்டாகக் கேட்டதில்லை.

1982இல் 'பயணங்கள் முடிவதில்லை' வந்தது. 'இளைய நிலா' எழுதாத பட்டியலே கடைக்கு வராது என்ற நிலை. ஒரே கேசட்டின் இரண்டு பக்கத்திலும் அதையே கேட்டவர்கள் உண்டு. பாடகர் வாய் திறப்பதற்கு முன்பே கிட்டார் தனியாகப் புறப்பட்டுவிடும் அந்தப் பாட்டில். நரம்பு நரம்பாகப் பிரித்து மீட்டுகிற அந்த ஓட்டத்தில் ஒவ்வொரு சுரமும் பன்னீர் தெளித்த மாதிரி தனித்தனியாக வந்து விழும். அவசரம் இல்லை, மழுப்பல் இல்லை. பல்லவி தொடங்கிய பிறகும் அது ஓய்ந்துவிடுவதில்லை. குரலுக்குப் பக்கத்திலேயே நடந்து வரும். சித்தப்பா ஊசியைத் தூக்கித் தூக்கி முதல் வரிக்கு முந்தைய பகுதியை மட்டும் போடுவார். பாட்டைப் பதிய வந்து நிற்பவர் பொறுமை இழந்து முனகுவார்.

"வாசிச்சது யாரு சித்தப்பா?"

"இளையராஜா."

"அவரு போட்டது. வாசிச்சது?"

சித்தப்பா அட்டையைத் திருப்பிப் பார்த்தார். படம், இசை, பாடலாசிரியர், பாடியவர் எல்லாம் இருந்தது. வாசித்தவர் இல்லை. இலங்கை வானொலியில் அப்துல் ஹமீது அவ்வளவு அழகாகப் பாட்டை அறிமுகம் செய்வார். அங்கும் பாடகர், கவிஞர், இசையமைப்பாளரோடு பட்டியல் முடிந்துவிடும். எதிர் டீக்கடையில் ஒருவர், படத்தின் கதாநாயகன் மோகன்தான் நிஜமாகவே வாசித்தார் என்று சூடம் அணைக்காத குறையாகச் சத்தியம் செய்தார். மோகன் பாடுவதாகவே நம்பிய ஊர்; வாசிப்பதாக நம்புவதற்கு என்ன?

செண்பகவல்லி அம்மன் கோயில் பங்குனித் திருவிழாவில் மெல்லிசைக் கச்சேரி நடக்கும். அதில் கிட்டார் வாசித்தவர் பகலில் தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர். கல்கத்தாவில் செய்த கிவ்சன் கிட்டார் வைத்திருந்தார். 'இளைய நிலா' பாடப் போகிறோம் என்று மைக்கில் சொன்னதும் விசில் பறக்கும். அவர் மட்டும் வேட்டியில் கையைத் துடைத்துக்கொள்வார். பாடகர் ஓரிடத்தில் சறுக்கினால் கூட்டம் சேர்ந்து பாடிச் சரிசெய்துவிடும். அவர் ஒரு நரம்பைத் தவறவிட்டால் காப்பாற்ற ஆள் கிடையாது. கச்சேரி முடிந்ததும் பாடகருக்குச் சால்வை. அவருக்கு மேடைக்குப் பின்னால் ஒரு டீ. சினிமா கிட்டார்காரரின் பெயர் எனக்கு அவரிடமிருந்துதான் கிடைத்தது. மெட்ராஸ் போய்வந்த குழுக்காரர்கள் யாரோ சொல்லியிருக்கிறார்கள். "சந்திரசேகர்னு ஒருத்தர், தம்பி. அவரு மாதிரி வரணும்னா நமக்கு வேற கை வேணும்" என்றார்.

ஆர். சந்திரசேகர். இளையராஜா குழுவில் டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமனின் சகோதரர். அதே குழுவில் கிட்டார் வாசித்த இன்னொருவர் சதானந்தம். என் சித்தப்பாவின் பானைக்குள் நடந்துகொண்டிருந்த பேஸ் கிட்டார்காரர் சசிதரன். இந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சேர்ப்பதற்குள் எனக்கு மீசை முளைத்துவிட்டது.

எல்லாம் ராஜா எழுதிக் கொடுப்பதுதானே, இவர்கள் பார்த்து வாசிப்பதுதானே என்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். எழுதியவர் அவர்தான், அதில் சந்தேகமே இல்லை. அவரே ஜி.கே. வெங்கடேஷ் குழுவில் கிட்டார் வாசித்தவர், டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கியவர். ஒரு கிட்டார் கலைஞனின் விரல் எவ்வளவு தூரம் போகும் என்று தெரிந்து எழுதியவர். ஆனால் எந்தச் சுரத்தை அழுத்தித் தொடுவது, எதைத் தொட்டும் தொடாமலும் விடுவது என்பதைத் தாளில் முழுதாக எழுதிவிட முடியாது. அது வாசிப்பவன் கொடுப்பது. மேலும் அந்த நாள் ஒலிப்பதிவு இன்றைய மாதிரி துண்டு துண்டாக வெட்டி ஒட்டுவது அல்ல. பாடகரும் வயலின்காரர்களும் தபலாவும் ஒன்றாக இருந்து வாசிப்பார்கள். ஒருவர் தப்பு செய்தால் அத்தனை பேரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்தக் கெடுபிடியில் இத்தனை நிதானமாக ஒருவர் கிட்டாரைத் தொட்டிருக்கிறார் என்பதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம்.

'இளைய நிலா' மெட்டு 1983இல் 'கலாகார்' படத்தில் கிஷோர் குமார் குரலில் இந்திக்குப் போனது. 'நீலே நீலே அம்பர் பர்' என்று தொடங்கும் அதை, கிட்டார் கற்றுக்கொள்ளும் வடநாட்டுப் பையன்கள் இன்றும் விரல் பழக வாசிக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் சந்திரசேகர் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள்?

தொண்ணூறுகளில் ஏ.ஆர். ரஹ்மான் கேசட் அட்டைகளில் வாத்தியக்காரர்களின் பெயர்கள் அச்சாகத் தொடங்கின. பேஸ் கிட்டார்: கீத் பீட்டர்ஸ் என்று பொடி எழுத்தில் படித்தபோது, சித்தப்பா கடையை மூடி டி.வி. ரிப்பேருக்கு மாறியிருந்தார். அட்டையை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் படித்தார். "இத முன்னாலயே செஞ்சிருக்கணும்ல" என்றார்.

இப்போது கைப்பேசியில் பாட்டைத் தொட்டாலும் பாடகர், இசையமைப்பாளர், கவிஞர் பெயர்கள்தான் பெரும்பாலும் வருகின்றன. பழைய அட்டைக் கதைதான். கம்பெனிகள் திருத்தும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளை 'இளைய நிலா' கேட்டுவிட்டு யார் வாசித்தது என்று கேட்டால், ஆர். சந்திரசேகர் என்று சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.