சோனகத் தெருவில் ஒரு குளவிக்கூடு



யாழ்ப்பாணம் போகிறவர்கள் கோட்டையையும் நூலகத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் போனால் சோனகத் தெருவுக்கும் ஒரு நடை போய் வாருங்கள். பள்ளிவாசலும் ஒஸ்மானியாக் கல்லூரியும் அந்தப் பக்கம்தான். அவற்றைச் சுற்றிக் கூரையில்லாத வீடுகளையும் காண்பீர்கள். 1990 அக்டோபர் 30 அன்று, இரண்டு மணி நேரத்தில் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் இங்கிருந்த முஸ்லிம்களுக்கு உத்தரவிட்டார்கள். கட்டிய துணியோடு போனவர்களில் பெரும்பாலோர் புத்தளத்தில் ஒதுங்கினார்கள். 2002 போர்நிறுத்தத்தின்போது சிலரும், 2009-ல் போர் முடிந்தபின் மேலும் சிலரும் திரும்பினார்கள்.

ஆளில்லாத வீட்டில் யார் குடியேறுவார்கள்? வௌவால், பாம்பு, குளவி.

புத்தளத்திலிருந்து திரும்பிய ஒரு ராத்தாவின் வீட்டில் எனக்குத் தேநீர் கிடைத்தது. ஓடு போட்ட பின்னறை ஒன்று மட்டும் தப்பியிருந்தது. அதன் பனைமரக் கைமரத்தில் கரி படிந்திருப்பதைப் பார்த்து விசாரித்தேன். 2019-ல் வீட்டைத் துப்புரவு செய்தபோது அங்கே பூசணிக்காய் அளவில் ஒரு கூடு தொங்கியதாம். கறுப்பு உடல், வயிற்றில் அகலமான மஞ்சள் பட்டை. மரத்தை மென்று காகிதம் போல் கூடு கட்டும் இனம் அது. தேனீ கொட்டினால் கொடுக்கு நம் உடம்பிலேயே தங்கிவிடும். இது அப்படியல்ல, ஒன்றே பலமுறை கொட்டும். ஒன்றை நசுக்கினால் அதன் வாடை மற்றவற்றையும் கிளப்பிவிடும்.

பொழுது சாய்ந்தால் எல்லாம் கூட்டுக்குள் அடங்கிவிடும் என்று, மஃரிபுக்குப் பிறகு மகன் ஏணியில் ஏறினான். கையில் சூள். காய்ந்த ஓலையைக் கட்டிச் செய்யும் பந்தத்துக்கு அங்கே அதுதான் பெயர். கூட்டின் ஒரு பக்கம் குப்பென்று எரிந்தது, மறுபக்கத்திலிருந்து குளவிகள் பாய்ந்தன. பையன் ஏணியோடு சாய்ந்தான். நழுவிய சூள் உலர்ந்த கைமரத்தில் பற்றிக்கொண்டது.

"உம்மா என்று ஒரு சத்தம்தான் கேட்டது" என்றார் ராத்தா. அடுத்த வளவுத் தமிழ்க் குடும்பத்தோடு அதுவரை அவருக்குப் பேச்சில்லை. சண்டை ஒன்றுமில்லை, இரு பக்கமும் கூச்சம். அந்த வீட்டுப் பெண்தான் நனைத்த சாக்கோடு ஓடிவந்தார். "அக்கா, தம்பியை வெளியில இழுங்கோ, நெருப்பை நாங்க பாக்கிறம்" என்றாராம். கிணற்றிலிருந்து வாளி வாளியாக இறைத்து அணைத்தார்கள்.

இலங்கையில் இலவச ஆம்புலன்ஸை அழைக்கும் எண் என்ன தெரியுமா? 1990. வடக்குக்கு அந்தச் சேவை 2018-ல் வந்தது. "எந்த வருஷத்தை மறக்கப் பார்த்தேனோ, அதையே அமர்த்த வேண்டியிருந்தது" என்றார்.

பையனுக்கு முப்பதுக்கு மேல் கொட்டு, கை முறிவு. ஆஸ்பத்திரியில் நாள்கணக்கில் வைத்துச் சிறுநீரைச் சோதித்தார்கள். காரணம் உண்டு, சகோதரிகளே. நிறையக் கொட்டு வாங்கினால் நஞ்சு தசையைச் சிதைத்துச் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடக்கூடும். அன்று நன்றாக இருப்பவருக்கே ஓரிரு நாளில் சிறுநீர் கறுத்துக் குறையலாம். மூச்சுத் திணறலோ உதடு வீக்கமோ வந்தால் ஒற்றைக் கொட்டானாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். சுண்ணாம்பு தடவிக்கொண்டு காத்திருப்பது நம் வீடுகளில் இன்னும் போகாத வழக்கம்.

பையன் தேறிவிட்டான், அல்ஹம்துலில்லாஹ். மீதிக் கூட்டைப் பழகிய ஆள் ஒருவர் வந்து அகற்றினார்.

முன்னறைச் சுவரில் மண்கூடுகள் சில இருந்தன. புழுவைக் கொட்டிக் கொட்டிக் குளவியாக்குவதாக நாம் சொல்வோமே, அந்த வேட்டுவக் குளவியின் கூடு. உண்மையில் அந்தப் புழு அதன் குஞ்சுக்கு வைத்த தீனி. தனித்து வாழும் இது மனிதரைக் கொட்டுவது அபூர்வம். மேசன் பூச வரும்வரை இருக்கட்டும் என்று ராத்தா அவற்றைத் தொடவில்லை.