தேரடியில் ஒரு பழைய பிஸ்டல்

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் பழைய பிஸ்டல் ஒன்று விலைக்கு இருப்பதாகத் தகவல் வந்தது. வீட்டில் இதை அப்படியே சொல்ல முடியாது. வடசென்னையையும் துப்பாக்கியையும் ஒரே மூச்சில் சொன்னால் சினிமாதான் நினைவுக்கு வரும். நான் வாங்கப்போனது பத்து மீட்டர் ஏர் பிஸ்டல். பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் வெண்கலம் வாங்கிய அதே வகை. அரை கிராம் ஈயக் குண்டைக் காற்றால் தள்ளி அட்டையில் ஓட்டை போடும். அதற்குமேல் அதற்கு வேலை இல்லை.

சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. 0.177 அங்குலத்துக்கும் 20 ஜூலுக்கும் உட்பட்ட காற்றுத் துப்பாக்கிக்கு 2016 ஆயுத விதிகள் உரிமம் கேட்பதில்லை. போட்டி ஏர் பிஸ்டலின் ஆற்றல் ஆறு ஜூல் அளவுதான். அதுவே வெடிமருந்துள்ள .22 பிஸ்டல் என்றால் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், விண்ணப்பம், போலீஸ் விசாரணை என்று கதை நீளும். ஜெர்மனியிலும் இதே பிரிவினை உண்டு. அங்கே .22 வாங்க ஒரு வருடமாவது கிளப்பில் சுட்டுப் பழகியிருக்க வேண்டும். 7.5 ஜூலுக்கு உட்பட்ட ஏர் பிஸ்டலை, 18 வயது நிரம்பியவர் பழைய கேமரா வாங்குவதுபோல வாங்கிவிடலாம். நம் ஊரில் புதிது மலிவாகக் கிடைக்காது. அதனால் எங்கோ ஒரு ஐரோப்பியரோ நம்மூர் வீரரோ கைவிட்டதைத்தான் என்னைப் போன்ற பொழுதுபோக்குக்காரர்கள் தேடுகிறோம்.

மெட்ரோவில் போனேன். 2021இல் விம்கோ நகர் வரை நீண்ட பாதை இது. டோல்கேட் தாண்டினால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மணலிப் புகைபோக்கிகள். பெயரிலேயே துப்பாக்கி வைத்திருக்கும் தொழிற்சாலையும் இங்கேதான் இருக்கிறது. இங்கிலாந்தின் என்ஃபீல்டு அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிபாகம் செய்துகொடுத்த பெருமையில், சைக்கிளுக்கு ராயல் என்ஃபீல்டு என்று பெயர் வைத்தார்கள். பீரங்கியைச் சின்னமாக்கி, துப்பாக்கியைப் போலச் செய்தது என்று விளம்பரமும் செய்தார்கள். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டு சேர்ந்து திருவொற்றியூருக்கு வந்த அவர்களின் புல்லட் வண்டி, தாய்க் கம்பெனி இழுத்து மூடிய பிறகும் இங்கே ஓடிக்கொண்டிருக்கிறது. 1977இல் இங்கிருந்தே இங்கிலாந்துக்கு ஏற்றுமதியும் ஆனது.

பிஸ்டல்காரர் எண்ணூர் அசோக் லேலண்டில் டர்னராக இருந்து ஓய்வுபெற்றவர். மகள் கல்லூரிக் காலத்தில் சுட்டது. இப்போது பெங்களூரில் வேலை, பெட்டியைத் திறப்பதே இல்லையாம். பெட்டிக்குள் ஃபைன்வெர்க்பாவ். ஜெர்மனியின் ஓபர்ன்டார்ஃப் ஊர்ச் சரக்கு, மவுசர் கம்பெனியில் இருந்த பொறியாளர்கள் போருக்குப் பிறகு தொடங்கிய நிறுவனம். பக்கவாட்டில் ஐங்கோணத்துக்குள் எஃப் என்ற எழுத்து. 7.5 ஜூலுக்குள் என்பதற்கான ஜெர்மன் முத்திரை அது. இந்தக் கரைக்கு ஜெர்மன் சுடுகலன் புதிதில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் வந்து துறைமுகத்தருகே பர்மா ஆயில் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது.

நான் குழலைப் பார்க்க, அவர் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். "பேரல் எங்க தம்பி தேயப்போவுது? சிலிண்டரைப் பாருங்க." 200 பார் அழுத்தம் தாங்கும் அலுமினியச் சிலிண்டர், தயாரித்த ஆண்டு பொறித்திருக்கும். பத்து வருடம்தான் அதற்குப் பொதுவான கணக்கு. காலாவதியானதோடு போட்டிக்குப் போனால் பொறுப்பு சுட்டவர் தலையில். இதற்கு இன்னும் நான்கு வருடம் இருந்தது. பழையது ஒன்றும் பெட்டியில் கிடந்தது. யாரும் நிரப்பிவிடக் கூடாது என்று அதில் டிரில் போட்டு ஓட்டையாக்கியிருந்தார். "பட்டறைப் பையன் ஒருத்தன் ஆக்சிஜன் புடிச்சுத் தரேன்னான். சீல்ல எண்ணெய்ப் பசை இருந்தா என்னாவும்?" அழுத்தத்தில் ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் வெடிக்கும். வெல்டிங் சிலிண்டர் தெருவுக்குத் தெரு நிற்கும் ஊரில் இந்த எச்சரிக்கை சும்மா இல்லை.

அடுத்தது டிரிகர். போட்டியில் அது 500 கிராமுக்குக் குறையாத எடையைத் தாங்க வேண்டும். லேத்தில் தானே கடைந்த பித்தளைக் குண்டைக் கொக்கியோடு மாட்டித் தூக்கிக் காட்டினார். தாங்கியது. அந்தக் குண்டைத்தான் எனக்கு முதலில் விலை கேட்கத் தோன்றியது.

சுட்டுப் பார்க்கச் சொன்னார். அவர் வீடு ரயில்பெட்டி வாட்டம். தெருக்கதவைச் சாத்தினால் கொல்லைச் சுவர் வரை பத்து மீட்டர் தாராளம். சுவரில் இரும்புத் தகட்டுப் பெட்டி, அதன்மேல் அட்டை. பத்துக்கான வட்டம் 11.5 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவு. ஒரு கை பாக்கெட்டில், மறு கையில் ஏறக்குறைய ஒரு கிலோ. முன்குறி துல்லியமாகவும் அட்டை மங்கலாகவும் தெரிய வேண்டும். மனசு கேட்காமல் அட்டையைப் பார்க்கும் நொடியில் குண்டு விலகும். சத்தம் கைதட்டல் அளவுதான். ஆறு, ஏழு, எட்டு, மறுபடி ஆறு. எல்லாம் இடப்பக்கமே போனது.

"கைப்பிடி என் பொண்ணு கைக்கு அரம் போட்டது. உங்க பெருவிரல் இடிக்குது பாருங்க. அங்க மட்டும் தேய்ங்க. உள்ளங்கைப் பக்கம் பட்டி வெச்சு ஏத்தி, நல்லா காஞ்சப்புறம் உப்புத்தாள் போடுங்க. ஒரேயடியா தேய்ச்சிராதீங்க, மரம் திரும்ப வராது."

விலையில் நூறு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. இரண்டு பேர் ஆதார் நகலிலும் பிஸ்டலின் எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டோம். கிளம்பும்போது இடுப்பளவு உயரக் கைப்பம்பைக் கொண்டுவந்து நிறுத்தினார். "இதை அடிச்சே என் தோள் போச்சு. சும்மா எடுத்துட்டுப் போங்க."

மெட்ரோ ஸ்கேனரில் அந்தப் பெட்டி எப்படித் தெரியும் என்று யோசித்து ஆட்டோ பிடித்தேன். பெட்டியை ஓட்டுநர் கண்டுகொள்ளவே இல்லை. பம்பைத்தான் கண்ணாடியில் இரண்டு முறை பார்த்தார்.

"இன்னா சார், புல்லட்டுக்குக் காத்து அடிக்கவா?"

ஆமாம் என்றேன்.