நான் தேய்த்த பாசிப்பயறு மாவு

முகத்தில் தேய்க்கும் தூள் என்று புட்டியில் விற்பதைக் கண்டு சிரித்தேன். எங்கள் வீட்டில் அது பாசிப்பயறு மாவு! பயறு, கஸ்தூரி மஞ்சள், காய்ந்த ரோஜா இதழ் மூன்றையும் அரைத்து, வேட்டித் துணியில் சலித்துத் தந்தார் அப்பத்தா. சலிக்காத மாவு தோலைக் கீறிவிடும். நாமகிரிப்பேட்டை மண்டிக்கு வரும் சமையல் மஞ்சளைச் சேர்த்தாலோ முகத்தில் கறை நிற்கும்.

வாரம் இருமுறை நீரில் குழைத்து, விரல் நுனியால் மெல்லத் தேய்த்துக் கழுவினேன். ஒரு மாதத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் இறந்த தோலும் நீங்கி நெற்றி வழவழப்பாயிற்று. நிறமோ இம்மியும் மாறவில்லை. பெண் பார்க்க வருவதற்குள் வெளுக்காதா என்று அம்மாவுக்குக் கவலை. 1975-இல் விற்பனைக்கு வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ களிம்பே 2020-இல் ‘ஃபேர்’ என்ற சொல்லைக் கைவிட்டது. எங்கள் தெரு கைவிடவில்லை!

"அழுக்குப் போகத்தானே மாவு? நெறம் என்ன அழுக்கா?" என்றார் அப்பத்தா. அம்மா பதில் பேசவில்லை.

ஞாயிறன்று மறுபடி அரைக்கிறோம். விடுதித் தோழியர் நால்வர் ஆளுக்கு அரைப்படி கேட்டிருக்கிறார்கள்.