முதலிடம் விலைக்குக் கிடைக்குமா?

வாணிபத்திற்குக் கடை இன்றியமையாதது. கடைக்கு இடம் இன்றியமையாதது. பேருந்து நிற்கும் இடத்திற்கு எதிரே உள்ள கடைக்கும், சந்துக்குள் இருக்கும் கடைக்கும் வாடகையில் எவ்வளவு வேறுபாடு என்பதை எல்லோரும் அறிவோம். இன்று அந்தக் கடைத்தெருவே கைக்குள் அடங்கும் கைப்பேசிக்குள் புகுந்துவிட்டது. கூகுள் போன்ற தேடுபொறியில் ஒரு சொல்லை இட்டவுடன் விரியும் பட்டியலின் முதல் சில வரிகளே அத்தெருவின் முகப்பு. வணிக இணையதளங்களுக்கு அந்த முகப்பில் இடம் பிடித்துத் தரும் முயற்சியைத் தேடுபொறிச் சந்தைப்படுத்தல் என்கின்றனர். இதைப் பற்றி நம் சிறுவணிகரிடையே நிலவும் தவறான எண்ணங்கள் பல. அவை வெறும் அறியாமையாக நின்றுவிடாமல் குடும்பங்களின் சேமிப்பையும் கரைத்துவிடுகின்றன. அதனாலேயே இதை எழுதத் துணிந்தேன்.

மதரஸாவில் ஓதிக்கொடுப்பவனுக்கு இதில் என்ன வேலை என்று வாசகர்கள் வினவக்கூடும். கலைப் பட்டம் பெற்றவன் என்ற காரணத்தால், வரதராஜன்பேட்டை வட்டாரத்தில் வங்கிக் கடிதமோ ஒப்பந்தப் பத்திரமோ எதுவாயினும் என்னிடம் கொண்டுவந்து படித்துச் சொல்லக் கேட்பது வழக்கம். என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர், வளைகுடா நாட்டில் சில ஆண்டுகள் உழைத்துத் திரும்பியவர், நம் பகுதியில் விளையும் முந்திரிப் பருப்பை இணையதளத்தின் வழியே விற்க விரும்பினார். விளம்பர நிறுவனம் ஒன்று அளித்த ஒப்பந்தத்துடன் வந்தார்.

“ஹஜ்ரத், முழு ஆண்டுக்கும் பணம் கட்டினால் ஒரே மாதத்தில் கூகுளில் முதலிடம் என்று எழுதியே தருகிறார்கள். கையிருப்புப் போதவில்லை. அம்மாவின் நகையை வைத்தாவது கட்டிவிடலாம் என்று பார்க்கிறேன்” என்றார்.

“நகையை வைக்கும் முன், அந்த முதலிடம் என்பது யாது என்று பார்த்துவிடுவோம், தம்பி” என்றேன்.

அதன்பின் பல இரவுகள் கூகுள் நிறுவனமே வெளியிட்டுள்ள விளக்கங்களையும், இது குறித்த நீதிமன்றத் தீர்ப்புகளையும் தேடிப் படித்தேன். அவற்றால் தெளிந்தவற்றை வாசகர் முன் வைக்கிறேன்.

முதலாவது தவறான எண்ணம், முதலிடம் என்பது ஒன்றே என்பது. உண்மையில் அங்கே இருப்பவை இரண்டு பட்டியல்கள். ஒன்று, விளம்பரம் என்ற குறிப்புடன் தோன்றும் கட்டணப் பட்டியல். மற்றது, தேடியவரின் சொல்லுக்குப் பொருத்தமானவை எனத் தேடுபொறி தானே கணித்து வரிசைப்படுத்தும் இயல்பான பட்டியல். முன்னதில் பணம் கொடுத்துப் போட்டியிடலாம். பின்னதில் இடம் விற்கப்படுவதில்லை. விளம்பரத்திற்கு எவ்வளவு செலவிட்டாலும் இயல்பான பட்டியலில் அதனால் உயர்வு கிடைக்காது என்று கூகுள் தெளிவாகவே கூறுகிறது. அப்பட்டியலில் முதலிடத்திற்கு எவரும் உறுதி அளிக்க இயலாது என்றும் எச்சரிக்கிறது. வீட்டுக்காரரே தர முடியாது என்று கூறும் அறைக்கு, இடைத்தரகர் எங்ஙனம் சாவி தருவார்?

இரண்டாவது, கட்டணப் பட்டியலிலாவது அதிகப் பணம் தருபவருக்கே முதலிடம் என்பது. தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது. அமெரிக்காவில் பில் கிராஸ் என்பவரின் கோடூ நிறுவனம் 1998-இல் தேடல் சொற்களை ஏலம் விட்டு, அதிகம் கேட்டவரை மேலே நிறுத்தியது. 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் ஆட்வேர்ட்ஸ் என்ற பெயரில் கூகுள் தன் விளம்பரத் திட்டத்தைத் தொடங்கியது. 2018 முதல் அதன் பெயர் கூகுள் ஆட்ஸ். இதில் ஒவ்வொரு தேடலின்போதும் நொடிக்கும் குறைவான நேரத்தில் ஓர் ஏலம் நடைபெறுகிறது. கேட்கும் தொகையோடு விளம்பரத்தின் தரமும் எடை போடப்படுகிறது. தேடிய சொல்லுக்கு விளம்பரம் பொருந்துகிறதா, மக்கள் அதைச் சொடுக்கக்கூடுமா, சொடுக்கினால் சென்று சேரும் பக்கம் பயனுள்ளதா என்பனவெல்லாம் கணக்கில் வருகின்றன. ஆகவே குறைந்த தொகை கேட்டவர் மேலே நிற்பதும், கூடுதலாகக் கேட்டவர் கீழே நிற்பதும் உண்டு. இன்று காலை முதலாவதாக நின்றவர் மாலையில் நான்காவதாக நிற்கலாம். இத்தகைய இடத்திற்கு ஓராண்டு உத்தரவாதம் எழுதித் தருவது, மழைக்கு நாள் குறித்துக் கொடுப்பதை ஒக்கும்.

மூன்றாவது, ஒருமுறை செலவிட்டால் இடம் நமதாகிவிடும் என்பது. விளம்பர இடம் வாடகை இடம். பணம் நின்ற நாளிலேயே விளம்பரமும் நின்றுவிடும். இயல்பான பட்டியலில் பெறும் இடம் அவ்வாறு ஒரே நாளில் மறைவதில்லை. எனினும் அது மெல்ல வளர்வது. பயனுள்ள செய்திகளைத் தளத்தில் தொடர்ந்து சேர்த்து வருவோருக்கே வாய்ப்பது. தென்னையை நட்டுக் காத்திருப்பதற்கும், இளநீரை அன்றாடம் விலைக்கு வாங்குவதற்கும் உள்ள வேறுபாடு இது. இரண்டும் தேவைப்படலாம், ஒன்றை மற்றொன்றாக எண்ணி ஏமாறலாகாது.

நான்காவது எண்ணமே மிகுந்த பொருள் இழப்பைத் தருவது. தளத்திற்கு வருவோர் பெருகினால் விற்பனையும் பெருகும் என்பதே அது. முந்திரியையே எடுத்துக்கொள்வோம். ‘முந்திரி’ என்ற ஒரு சொல்லின்கீழ் விளம்பரம் செய்தால் யார் யார் வருவர்? முந்திரிக்கொத்து செய்முறை தேடும் இல்லத்தரசி வருவார். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வி.ஆர்.ஐ-3 கன்று எங்கே கிடைக்கும் என்று தேடும் விவசாயி வருவார். இன்றைய கொட்டை விலையை அறிய விரும்பும் தரகர் வருவார். முந்திரியால் உடல் பருக்குமா என்று அஞ்சுபவரும் வருவார். அவர்களுள் எவரும் பருப்பு வாங்க வந்தவரல்லர். ஆயினும் ஒவ்வொரு சொடுக்குக்கும் வணிகரின் பணம் கழிகிறது.

மாறாக, ‘டபிள்யூ 320 முந்திரி ஒரு கிலோ விலை’ என்று தேடுபவர் சரக்கை அறிந்தவர். ஒரு பவுண்டு எடைக்கு ஏறத்தாழ 320 பருப்பு நிற்கும் முழுப்பருப்புத் தரத்தை அவர் குறிப்பிடுகிறார். அத்தகையோர் பத்துப் பேர் வந்தாலும் போதும். வேண்டாத சொற்களை விலக்கிவைக்கும் வசதி கூகுள் ஆட்ஸிலேயே உள்ளது. செய்முறை, கன்று போன்ற சொற்களை அவ்வாறு விலக்கலாம். விளம்பரம் எந்த ஊராருக்குத் தோன்ற வேண்டும் என்பதையும் வரையறுக்கலாம். ஆனால் அமைப்பை மாற்றாவிட்டால், அவ்வூரில் வசிப்பவரோடு அவ்வூரைப் பற்றி ஆர்வம் காட்டும் வேற்றூராருக்கும் அது தோன்றும்.

ஓர் எளிய கணக்கு, எடுத்துக்காட்டிற்காக மட்டும். ஒரு சொடுக்குக்கு 10 ரூபாய் என்று கொள்வோம். நூறு பேர் வந்தால் செலவு 1,000 ரூபாய். அவர்களில் இருவர் ஆளுக்கு ஒரு கிலோ வாங்கி, கிலோவுக்கு 200 ரூபாய் இலாபம் கிடைத்தால் வரவு 400. நட்டம் 600. இந்நிலையில் ஆயிரம் பேர் வந்தால் நட்டம் பத்து மடங்காகுமேயன்றி இலாபமாக மாறாது. கூட்டத்தைப் பெருக்கும் முன் இந்தக் கணக்கைச் சீர்செய்ய வேண்டும்.

ஐந்தாவது, என் கடையின் பெயரைத் தேடுபவருக்கு என் கடை மட்டுமே தோன்றும் என்பது. இதற்கு நம் சென்னையிலேயே சான்று உண்டு. முருகவேல் ஜானகிராமன் தொடங்கிய பாரத்மேட்ரிமோனி திருமணத் தகவல் தளத்தை அறியாத குடும்பம் குறைவு. அதை நடத்திய கான்சிம் இன்ஃபோ நிறுவனம், தன் தளப் பெயர்களைத் தேடுவோர் முன் போட்டித் தளங்களின் விளம்பரங்கள் தோன்றுவதை எதிர்த்து, கூகுள் மீதும் போட்டியாளர்கள் மீதும் சென்னை உயர் நீதிமன்றத்தில் 2009-இல் வழக்குத் தொடுத்தது. 2010 செப்டம்பர் 30 அன்று நீதிபதி வெ. இராமசுப்பிரமணியன் இடைக்காலத் தடை வழங்க மறுத்தார். ‘தமிழ்’, ‘மேட்ரிமோனி’ போன்றவை பொதுச்சொற்கள். அவற்றைப் பிறர் கையாள்வதை அடியோடு தடுக்க இயலாது என்பதே காரணத்தின் சாரம்.

பின்னர், அகர்வால் பேக்கர்ஸ் அண்டு மூவர்ஸ் பெயர் தொடர்பான வழக்கில் டில்லி உயர் நீதிமன்ற அமர்வு 2023 ஆகஸ்ட் 10 அன்று தீர்ப்பளித்தது. மற்றொருவரின் வணிகச் சின்னத்தை விளம்பரத் தேடல் சொல்லாக வைப்பது தன்னளவில் குற்றமன்று. ஆனால் வாங்குபவரைக் குழப்பி ஏமாற்றுமாயின் அது சின்ன மீறலே, அதில் கூகுளும் பொறுப்பிலிருந்து எளிதில் தப்ப இயலாது என்று அத்தீர்ப்புக் கூறியது. இவற்றால் நாம் பெறும் பாடம் ஒன்று உண்டு. கடைக்குப் பொதுச்சொற்களால் பெயர் வைப்பது தேடலுக்கு எளிது, காப்பதற்கு அரிது. தனித்தன்மையுள்ள பெயரைச் சூட்டிப் பதிவு செய்துகொள்வதே அறிவுடைமை.

இறுதியாக, குறுக்கு வழிகள். தளத்தின் உள்ளே மறைவாகத் தேடல் சொற்களைக் குவித்துவைத்தால் மேலே வரலாம் என்று இன்றும் சிலர் விலை பேசுகின்றனர். அக்குறிச்சொற்களைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. வேறு சிலர் பாராட்டுரைகளைக் காசுக்கு எழுதித் தருகின்றனர். வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிப் பிறரை ஏமாற்றும் ‘நஜஷ்’ என்பதை நம் ஃபிக்ஹு நூல்கள் தடுக்கின்றன. வாங்காத சரக்கைப் புகழ்வது அதன் உடன்பிறப்பன்றி வேறென்ன?

அப்படியாயின் என்ன செய்வது? இணையதளத்தின் பெயரும் விளம்பரக் கணக்கும் வணிகரின் பெயரிலேயே இருத்தல் வேண்டும். முகவருக்குப் பணி செய்யும் உரிமை மட்டும் தரலாம். உடைமை அவரிடம் சென்றுவிட்டால், பிரியும் நாளில் கடையும் அவரோடு போய்விடும். கூகுளுக்குச் சென்ற தொகை எவ்வளவு, முகவரின் கூலி எவ்வளவு என்பதை மாதந்தோறும் தனித்தனியே கேட்டுப் பெற வேண்டும். விளம்பரக் கட்டணத்தின் மேல் 18 விழுக்காடு சரக்கு-சேவை வரி உண்டு என்பதையும் மறத்தலாகாது. கூகுளில் கடையின் முகவரி, நேரம், படம் முதலியவற்றைப் பதிவு செய்வதற்குக் கட்டணம் ஏதுமில்லை. தொடங்க வேண்டிய இடம் அதுவே. அதன்பின் இழந்தாலும் தாங்கக்கூடிய சிறு தொகையைக்கொண்டு ஒரு மாதம் சோதித்து, எத்தனை பேர் வந்தனர், எத்தனை பேர் வாங்கினர் என்று குறித்துவைக்கலாம். அம்மாணவர் அவ்வொப்பந்தத்தை ஏற்காமல் இவ்வழியையே தேர்ந்தார். நகை பெட்டியிலேயே இருக்கிறது.

விளம்பரம் வாடிக்கையாளரை வாசல்வரை அழைத்துவரும். அவ்வளவே அதன் பணி. உள்ளே எடை சரியாக இருக்கிறதா, காட்டிய பருப்பும் அனுப்பிய பருப்பும் ஒன்றா, சொன்ன நாளில் பொதி சேர்ந்ததா என்பவற்றையே வந்தவர் நினைவில் வைப்பார். அடுத்த முறை அவர் தேடுபொறியிடம் முந்திரியைக் கேட்கமாட்டார். நம் கடையின் பெயரைச் சொல்லிக் கேட்பார். எந்த ஏலத்திலும் விலைக்குக் கிடைக்காத முதலிடம் அதுவே. அதைப் பெறுவதற்கு நம் பெண்மக்களின் நகைகளை அடகுக் கடைக்கு அனுப்ப வேண்டியதில்லை.