ஒவ்வொரு தட்டாக வந்த விருந்து

1656-இல் மயிலாப்பூரில் காலமான ராபர்ட் டி நொபிலி, இத்தாலியப் பிரபுக் குடும்பத்துப் பிள்ளை. 1606-இல் மதுரைக்கு வந்தவர் புலாலை விட்டார். ஒருவேளைச் சோறு, காய்கறி, பால் என்று துறவியாக வாழ்ந்தார். தமிழில் தத்துவ போதகர் என்று பெயர் பெற்றார். சாந்தோம் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும். அன்று கூடுதலாகவே வந்தது. திரு.வி.க. பாலத்தைத் தாண்டி, காந்தி நகரில் ஒரு தோழி வீட்டுக்கு முழு இத்தாலிய விருந்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். அதுவும் சைவ விருந்து.

போகிற வழியில் தெற்கு மாட வீதியில் ஒரு வேலை இருந்தது. பேசில் இலை வாங்கி வரச் சொல்லியிருந்தாள். கடைகளில் பிளாஸ்டிக் டப்பாவில் வாடிக் கிடப்பதை ஏன் வாங்க வேண்டும்? நம் திருநீற்றுப் பச்சிலையும் அதே செடி இனம்தான். வாசனை கொஞ்சம் தூக்கல். “சாமிக்காம்மா?” என்று கேட்டார் கூடைக்கார அம்மா. “சமையலுக்கு” என்றேன். ஒரு கொத்து சேர்த்தே கொடுத்தார்.

தோழி சில வருஷம் இத்தாலியின் போலோன்யாவில் இருந்தவள். மேஜையில் எதையும் பரப்பி வைக்கவில்லை. முதலில் ஆன்டிபாஸ்டோ, அதாவது தொடக்கத் தட்டு: சுட்ட ரொட்டியில் பூண்டு தேய்த்து, தக்காளி, ஆலிவ் எண்ணெய், நான் கொண்டுபோன பச்சிலை. அந்தத் தட்டு மேஜைக்கு வந்த பிறகுதான் அடுப்பில் அரிசி ஏறியது. ரிசொட்டோவுக்குக் கொதிக்கும் காய்கறிச் சாற்றைக் கரண்டி கரண்டியாக விட்டு இருபது நிமிஷம் அருகிலேயே நிற்க வேண்டும். இறக்கியதும் பரிமாறாவிட்டால் இறுகிப்போகும். ஆகவே சாப்பிடுகிறவர்கள்தான் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் பேச்சு களைகட்டியது.

ரிசொட்டோதான் ப்ரிமோ, அதாவது முதல் பெரிய உணவு. ஆனால் தட்டில் கொஞ்சமாகத்தான் வந்தது. மயிலாப்பூரிலிருந்து வந்திருந்த பெரியவர், “ஏம்மா, இவ்வளவுதானா?” என்றார்.

“இன்னும் இருக்கு மாமா, மெதுவா சாப்பிடுங்கோ.”

அடுத்தது செகோண்டோ. இறைச்சியோ மீனோ வரவேண்டிய இடத்தில் கத்திரிக்காயை வறுத்து, தக்காளிச் சாறும் சீஸும் அடுக்கிச் சுட்டது; பக்கத்தில் தனித்தட்டில் பீன்ஸ். அசல் பார்மிஜானோ சீஸில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரெனெட் சேரும். அதனால் சைவ ரெனெட் போட்ட சீஸைத் தேடி வாங்கியிருந்தாள். இனிப்புக்கு வைத்த பன்னா கோட்டாவிலும் ஜெலட்டினுக்குப் பதில் கடற்பாசி. விருந்தாளியின் நியமத்தை விருந்து வைப்பவர் சுமப்பது இதுதான். அன்றைக்கு என் மனசைத் தொட்டதும் இதுதான். கடைசியில் பால் சேர்க்காத காபி. சாப்பாட்டுக்குப் பின் இத்தாலியர்கள் பொதுவாகப் பால் காபியைத் தொடமாட்டார்கள். மாமா மட்டும் பால் கேட்டு வாங்கிக்கொண்டார், யாரும் தடுக்கவில்லை.

நமக்கும் வரிசை தெரியும். குழம்புக்குப் பின் ரசம், அதற்குப் பின் மோர் என்று இலையில் உட்கார்ந்து பழகியவர்கள்தான் நாம். ஆனாலும் தி.நகர் கல்யாண மண்டபம் ஒன்றின் லைவ் கவுண்டரில் பாஸ்தா, பூண்டு ரொட்டி, சாலட் எல்லாம் ஒரே தட்டில் குவிந்ததைப் பார்த்திருக்கிறேன். நின்றுகொண்டே ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டுப் போனார்கள். சமைத்தவர் உழைப்பும் வீண், சாப்பிட்டவர் வயிறும் பாவம்.

2025 டிசம்பரில் டெல்லியில் கூடிய யுனெஸ்கோ குழு, இத்தாலியச் சமையலை மானுடத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம் தீபாவளியும் அதே கூட்டத்தில்தான் சேர்ந்தது. இத்தாலிக்கு அந்த மரியாதை கிடைத்தது ஏதோ ஒரு பீட்சாவுக்காக அல்ல. வீட்டார் சேர்ந்து சமைத்து, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் வழக்கத்துக்காக.

வீட்டில் இப்படி ஒரு விருந்து வைக்க ஆசைப்படுகிறவர்கள் நாலைந்து பேரை மட்டும் கூப்பிடுங்கள். யார் எதைச் சாப்பிட மாட்டார்கள் என்று முன்னாலேயே கேட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொண்டுவந்து வைக்காதீர்கள். ஒரு தட்டு காலியான பிறகு அடுத்ததை எடுத்து வாருங்கள்.