தட்டாஞ்சாவடியில் கறுப்புப் பட்டை

புதுவை தட்டாஞ்சாவடி என்றால் பலருக்கும் தொழிற்பேட்டைதான் ஞாபகம் வரும். அதற்குப் பக்கத்துத் தெருவில்தான் என் நாத்தனார் வீடு. அங்கே பேரனுக்கு ஆண்டு நிறைவு. கொள்ளுப்பாட்டியை, அதாவது என் மாமியாரை, கைத்தாங்கலாகக் கூட்டி வந்து கூடத்தில் உட்கார வைத்து மடியில் குழந்தையைக் கொடுத்தார்கள். நாத்தனார் மாப்பிள்ளை டிஜிட்டல் கேமராவில் எடுத்த படம் எல்லாவற்றிலும் குறுக்கே கறுப்புப் பட்டை! "கேமரா போச்சு" என்றார் ஒருவர். "திருஷ்டிதான்" என்றார் இன்னொருவர். அத்தையாலோ அதிக நேரம் உட்கார முடியாது. இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிற வயசா அது?

தொழிற்பேட்டையில் எலெக்ட்ரீஷியனாக இருக்கும் எதிர்வீட்டுத் தம்பி வந்து டியூப் லைட்டை அணைத்தார். அத்தையின் நாற்காலியை வாசல் வெளிச்சத்துக்கு நகர்த்தச் சொன்னார். பட்டை போயே போச்சு!

காரணம் இதுதான். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட் நொடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. கேமராவோ படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாகப் பதிகிறது. குழந்தை துள்ளுகிறதே என்று மாப்பிள்ளை ஷட்டரை 1/1000 நொடியில் வைத்திருந்தார். விளக்கு மங்கிய கணத்தில் பதிந்த வரிகள் கறுத்துவிட்டன. சில எல்.இ.டி. பல்புகளிலும் இப்படி வருமாம்.

ராத்திரி விசேஷம் என்றால் ஷட்டரை 1/100 அல்லது 1/50 வையுங்கள். குழந்தை தூங்கும்போது எடுத்தால் கலங்காது. ஃப்ளிக்கர் என்ற அமைப்பு கேமராவில் இருந்தால் 60 அல்ல, 50 ஹெர்ட்ஸில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.