காசின் மேலெழுத்து



கரூரில் அமராவதி ஆற்று மணலை அரித்துத் தேடியவர்களுக்குச் சிறு சிறு உலோகத் துண்டுகள் அகப்பட்டதுண்டு. வெள்ளியானால் கறுத்திருக்கும், செம்பானால் பச்சைக் களிம்பேறியிருக்கும். காசா, உடைந்த அணிகலனா என்று உடனே சொல்ல இயலாது. தராசில் வைத்தால் வெள்ளியின் விலை மட்டுமே தெரியும். கண்ணருகே பிடித்துப் பொறுமையாய் நோக்கினால் ஒரு முகமும் அதன்மேல் எழுத்துக்களும் தெரியும். ‘மாக்கோதை’ என்று தமிழ்ப் பிராமியில் பொறித்த சேர மன்னனின் வெள்ளிக்காசு அவ்வாறே வாசிக்கப்பட்டது. நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி இத்தகைய சங்ககாலக் காசுகளை ஆராய்ந்து வெளியிட்டார். அந்தக் காசை உருக்கியிருந்தால் வெள்ளி வெள்ளியாகவே இருந்திருக்கும். அரசனின் முகமும் பெயரும் அழிந்திருக்கும்.

நம் அன்னூருக்கு இன்னும் அருகில், கோவையை அடுத்த வெள்ளலூரில், 1842-ஆம் ஆண்டு 522 ரோம வெள்ளிக் காசுகள் கிடைத்தன. அவற்றுள் பெரும்பாலானவை அகுஸ்துராயன், திபேரியுராயன் காலத்தவை. நம் ஆண்டவர் பூமியில் நடமாடிய நாட்களில் புழங்கிய காசுகள், நம் கொங்கு மண்ணுக்குள் கிடந்திருக்கின்றன!

மத்தேயு 22-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் வரிக்காசைக் காட்டும்படி கேட்டதை அறிவீர்கள். அது திபேரியுவின் தெனாரியமாக இருக்கலாம் என்பது அறிஞர் பலரின் கருத்து. நான்கு கிராமுக்கும் குறைவான வெள்ளி. ஆயினும் இயேசு அதன் எடையைக் கேட்கவில்லை. அதிலுள்ள சொரூபமும் மேலெழுத்தும் யாருடையவை என்றே கேட்டார். இராயனின் சாயலைத் தாங்கிய காசு இராயனுக்குரியது. அப்படியானால் தேவசாயலைத் தாங்கிய மனிதர் யாருக்குரியவர்?

பிரியமானவர்களே, நம் வீடுகளில் பெண் பார்க்கச் செல்லும்போது முதலில் கேட்கும் கேள்வி எது? ‘எத்தனை சவரன் போடுவீர்கள்?’ என்பதல்லவா? அது தராசின் கேள்வி. ஆணும் பெண்ணும் தேவசாயலில் சிருஷ்டிக்கப்பட்டதாக ஆதியாகமத்தின் முதல் அதிகாரமே சொல்லுகிறது. ஞாயிறன்று அதற்கு ஆமென் சொல்லிவிட்டு, திங்களன்று ஒரு மகளை எடைபோடலாமா? குறைந்த நகையோடு வந்தாள் என்று அவளை நாள்தோறும் இடித்துரைக்கும் வீடு, அரசனின் முகம் பதிந்த காசை உலையில் போடுகிறது.

உங்கள் வீட்டில் இப்போது வரன் பேச்சு நடக்கிறதா? அந்தக் கேள்வியை உங்கள் வாய் கேளாதிருக்கட்டும். உறவினர் கேட்டால், “எங்களுக்குப் பிள்ளைதான் வேண்டும்” என்று துணிந்து சொல்லுங்கள். ஏற்கெனவே மருமகள் வந்துவிட்டாளா? இன்று அவள் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். அங்கே யாருடைய மேலெழுத்து இருக்கிறதென்று காணும் கண்களைக் கர்த்தர் நமக்குத் தருவாராக. ஆமென்.